மணல் அடைத்த பந்து

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஒரு பழைய டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு பக்கம் கீறி, உள்ளே கடற்கரை மணல் அடைத்து, சைக்கிள் டியூப் துண்டால் பஞ்சர் ஒட்டிய பந்து. அடைத்ததும் ஒட்டியதும் நான்தான்.

அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டிப் போய், டவுனில் ஒரு டென்னிஸ் கிளப்பில் பல வருடம் மார்க்கராக இருந்தேன். ஜோடி இல்லாமல் வரும் உறுப்பினர்களோடு ஆடுவது மார்க்கரின் வேலை. எனக்குப் பேச்சு வராது. யாராவது நிமிர்ந்து பார்த்தாலே, வலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். சர்வீஸ் போடும்போது மட்டும் அந்தக் கூச்சம் போய்விடும். பந்தை மேலே எறிந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எதிரில் நிற்பது யார் என்று தெரியாது அல்லவா.

புதிதாக வந்த கோச் சார் முதல் வாரமே என் சர்வீஸைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த வேகம் எங்கேருந்துண்ணே வருது?" என்றார். கிளப்பில் அதுவரை யாரும் என்னை அண்ணே என்றதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீராம்பட்டினத்தில் என் மச்சானோடு முகத்துவாரத்தில் வீச்சுவலை வீசப் போவேன். பின்னங்கால் ஊன்றி, முட்டி மடங்கி, இடுப்பு திரும்பினால் வலை தானாக விரியும். கை விடுவதற்கு மட்டும்தான். சர்வீஸும் அப்படித்தான். வலைக்குப் பதிலாக ஈரத் துண்டை வீசிக் காட்டினேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

உறுப்பினர்களுக்கு ஒரு கோடைப் பயிற்சி நடத்த அவருக்கு ஆசை. "கால் மட்டும் போதாதுண்ணே, தோள்ல பலம் ஏத்தணும். கனமான பந்தை எறிஞ்சு பழகினா, நெஜப் பந்து பஞ்சாட்டம் பறக்கும். மொதல்ல நம்ம ரெண்டு பேரும் பாத்துடுவோம்." ரெண்டு பேரும் என்றாரே தவிர, பந்தில் மணல் அடைத்ததும் எறிந்ததும் நான் மட்டும். காலையில் ஆட்கள் வருமுன் அறுபது தடவை, பிறகு நூறு. மூன்றாம் வாரம் தோள் எரிகிறது என்றேன். "வலிச்சாத்தாண்ணே ஏறும். வலை வீசுற தோளு, ஒரு பந்துக்குப் போய் அழுவுது பாரு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் ஒரு எறியில் துணி கிழிவதுபோல் உள்ளே ஏதோ கிழிந்தது. பந்து காலடியில் விழுந்தது. மணல் பந்து எழும்பாது.

காயம் எப்படி ஆனது என்று விசாரிக்க கிளப் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்கு வெளியே கோச் சார், "நீங்க ஒண்ணும் பேச வாணாம்ணே, நான் பாத்துக்கறேன்," என்றார். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

உள்ளே போனதும் அவர் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை வலை வீசப் போறான் சார். வாணாம்னு எத்தினி தபா சொல்லிட்டேன்."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாய்யா? வேலையில ஆகலையா?"

"சொல்லு மார்க்கர்," என்றார் கோச் சார். அண்ணே போய்விட்டது.

நான் தரையைப் பார்த்தேன். "ஆமா சார்," என்று என் வாய்தான் சொன்னது.

வேலையில் ஆன காயம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். வைத்தியம் என் பாடு. கை தோளுக்கு மேல் ஏறவே இல்லை. மார்க்கர் வேலை போய், தரைக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுக்கும் வேலை கொடுத்தார்கள். அந்தக் கோடையில் தண்ணீர்க் குழாயோடு ஓரத்தில் நின்றிருந்தேன். உறுப்பினர்கள் வரிசையாக ஈரத் துண்டு வீசிக்கொண்டிருந்தார்கள். மணல் பந்து ஒருவர் கையிலும் இல்லை. "வீச்சுவலை மாதிரி, கால்ல இருந்து வரணும். கை விடுறதுக்கு மட்டும்தான்," என்று கோச் சார் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கம் அவர் திரும்பவில்லை. தோள் கிழிந்ததைக்கூட மறந்துவிடலாம். என் ஞாயிற்றுக்கிழமையை என் மேலேயே பழியாகப் போட்டுவிட்டு, அதையே எடுத்துப் பாடம் நடத்தியதைத்தான் மறக்க முடியவில்லை.

அவர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் இன்னும் தண்ணீர் தெளிக்கிறேன். இன்று கிளப்புக்கு விடுமுறை. தேர் வடம் பிடிக்க வா என்று மச்சான் காலையிலேயே கூப்பிட்டான். எந்தக் கையால் பிடிப்பது? வீட்டிலேயே இருந்துவிட்டேன். பந்தை இடது கையில் எடுத்துக் குலுக்கினால் மணல் சத்தம் கேட்கிறது. ஒட்டு இன்னும் விடவில்லை.

செயலாளர் அன்று கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். இல்லை சார். வலை வீசி ஆனதில்லை. உங்கள் கிளப் தரையில், இந்தப் பந்தால் ஆனது.

ஆடி ஐந்தாம் வெள்ளி, தேர் நாள்.