தறியில் உட்கார்ந்த நாள்

திருப்பதியில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில், இஸ்திரிக்காரர் காட்டன் சேலைகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் மேலே போக மறந்து நின்றுவிட்டேன்.

நகரியில் எங்கள் தெரு முழுக்க இதே வாசனைதான். இளவெயிலில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி தடவுவார்கள். சிவப்பும் மஞ்சளுமாக இழைகள் காற்றில் மெல்ல அசையும்.

பெரியவளான பிறகு மாதம் மூன்று நாள் எனக்குக் கொல்லைக் கொட்டகைதான். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் மட்டும் கனவில் வருவதுபோலக் கேட்கும். தீட்டோடு தொட்டால் பாவு அறுந்துவிடும் என்பாள் நைனாவின், அதாவது அப்பாவின், அக்கா, எங்கள் அத்தை.

அப்படி நான் இருந்த ஒருநாள் நல்ல மழையில் கொட்டகை ஒழுகியது. அம்மா வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தறியிலேயே உட்கார வைத்தாள்.

"இன்னா பண்ற நீ?" என்று அத்தை கத்தினாள்.

"அறுந்தா அறுந்து போவட்டும் அண்ணி. புள்ள நனைஞ்சிக்கினு கெடக்குது."

நைனா ஊடை நூலை ஓட்டும் நாடாவை என் கையில் கொடுத்தார். நெய்தேன். ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை.

கதவோரம் வெகுநேரம் நின்றிருந்த அத்தை, என் பக்கத்தில் வந்து குந்தினாள். பாவை மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"என்னை ஒருத்தரும் இப்டி உள்ள கூப்டலியேடி" என்றாள்.

மழை விட்டதும் விறகையெல்லாம் தூக்கிவந்து, யாரும் உட்கார இடமில்லாதபடி அந்தக் கொட்டகையை நிரப்பியது அத்தைதான்.