மரக்காணம் கடலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி

பக்கவாதம் வந்து இரண்டு வருடம் கழித்து, என் கணவர் ராகவன் முதன்முறையாக ஓர் ஆசையைச் சொன்னார். கடலில் கால் நனைக்க வேண்டுமாம். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து கடல் பக்கம்தான். ஆனால், "இங்க வேணாம். தெரிஞ்சவங்க பாப்பாங்க" என்று சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் தன்னை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் போன பிப்ரவரியில் மலேசியாவிலிருந்து கிளம்பி, எங்களை யாருக்கும் தெரியாத மரக்காணத்துக்குப் போனோம்.

சென்னை விமான நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 115 கிலோமீட்டர். டாக்ஸிக்கு 3,800 ரூபாய். ஊர் நெருங்கும்போது சாலையோரம் உப்பளங்கள் தொடங்குகின்றன. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்புகளில் வெள்ளைக் குவியல்கள். நாங்கள் கேட்காமலே டிரைவர் வண்டியை நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டார். ராகவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரைத்தள அறை என்று சொல்லித்தான் லாட்ஜில் பதிவு செய்திருந்தேன் (நாளுக்கு 1,400 ரூபாய்). வாசலில் படிகள் இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. வழக்கம்போல நான் குனிந்து அவரைத் தூக்கப் போனேன். ரிசப்ஷனில் இருந்த கலா ஓடி வந்தார்.

"அக்கா, நீங்க விடுங்க. நாங்க இருக்கோம்ல?"

"பரவால்ல, எனக்குப் பழக்கம்தான்" என்றேன். தனியாகவே அவரைத் தாங்கிப் படியேற்றினேன். அந்த இரவு இடுப்பு வலியில் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை நாங்கள் இருவர் மட்டும் ஆட்டோவில் கடற்கரைக்குப் போனோம். மணலில் பத்தடி போவதற்குள் சக்கரங்கள் புதைந்துவிட்டன. தள்ளினேன், இழுத்தேன், அசையவில்லை. கடல் கண்ணெதிரே இருந்தது. ராகவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போதும். ரூமுக்குப் போவோம்" என்றார். விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டு லாட்ஜுக்கு போன் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் கலா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னால் சமையல்காரர் அந்தோணி, தலைக்கு மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தபடி. சாப்பாட்டு ஹாலில் கிடந்த நாற்காலி அது. வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை அந்தோணி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவரும் இதே கடற்கரைக்காரராம்.

"இதுல உக்காருங்க சார், தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் அந்தோணி.

"நான் எண்பத்தஞ்சு கிலோப்பா" என்றார் ராகவன்.

"அவ்ளோதானா? படகு இஞ்சின இறக்குறதவிடவா சார் கஷ்டம்?"

ராகவன் சிரித்துவிட்டார். மூவரும் அவரை ராஜா மாதிரி தூக்கிக்கொண்டு போய், கணுக்காலளவு தண்ணீரில் இறக்கி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அலை பாதத்தோடு போனது. அடுத்தது நாற்காலியோடு சேர்த்து எல்லோரையும் தலைவரை நனைத்தது. நான் அலறினேன். அவரோ வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "இன்னொண்ணு வரட்டும்!" என்று கத்தினார். கரையில் ஆட்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அவர் அவர்களுக்குக் கை காட்டினார்!

"சார், அடுப்புல சாம்பார் இருக்குது" என்றார் அந்தோணி.

"அஞ்சு நிமிஷம்ப்பா."

அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. துண்டும் கைப்பையுமாகக் கரையில் நின்ற என்னிடம் கலா, "நீங்க எறங்கலியா அக்கா?" என்று கேட்டு, இரண்டையும் பிடுங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். அன்று லாட்ஜில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு தாமதம். சாம்பார் லேசாக அடிப்பிடித்திருந்தது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நடக்க முடியாதவர்களோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அறை பதிவு செய்யும்போதே படிகளையும் குளியலறைக் கதவின் அகலத்தையும் கேட்டுவிடுங்கள். உப்பளம் பார்க்க வெயில் ஏறுமுன் போங்கள். உள்ளூர்க்காரர் துணையில்லாமல் கடலில் இறங்கவே இறங்காதீர்கள். முக்கியமாக, போன அன்றே லாட்ஜ்காரர்களிடம் உங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாளையும் என் இடுப்பையும் வீணடித்தேன்.

கிளம்பும் காலையில் வாசலுக்கு வந்தோம். வழக்கம்போல நான் குனிந்தேன். ராகவன் என் தோளைத் தொட்டு நிறுத்தி, உள்ளே பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்:

"அந்தோணி, கொஞ்சம் கை குடுங்கப்பா!"