நகிஜ்வாவின் மூக்கு

எங்கள் பாரே மலைக் காட்டில் நகிஜ்வாவின் மூக்குக்குத் தப்பிய மரம் கிடையாது. பட்டையில் கத்தியால் ஒரு கீறல் போடுவாள், குனிந்து முகர்வாள், பேரைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். முப்பது வருஷமாக, தார் எஸ் சலாம் பட்டணத்திலிருந்து செடிகொடி ஆராய வரும் டெம்பா அவள் சொன்னதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பொடி போட்டுப் போட்டு அவர் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

டெம்பா கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சக்கா இனத்து ஆள். சக்கா ஜனத்துக்கும் எங்கள் பாரே ஜனத்துக்கும் பரம்பரையாகக் கேலி முறை உண்டு. அவர் அவளை மதினி என்பார். ஒரு கோழிக்காக மாட்டை விற்று வழக்காடும் கூட்டம் என்று அவள் ஜனத்தையே வம்புக்கு இழுப்பார். காசு விழுந்த சத்தம் கேட்டால் பாடையிலிருந்து எழுந்து உட்காரும் ஆளாயிற்றே நீங்கள் என்று அவளும் விடமாட்டாள்.

அவளிடம் யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில், எட்டு மாதக் குழந்தை நான்ஸியாவை முதுகில் கட்டிக்கொண்டு ஓடைக்கு மேலே உள்ள முகட்டுக்கு விறகுக்குப் போனாள். அங்கே நின்ற ஒரு மரத்தைக் கீறியபோது பிள்ளையின் வாசம் குப்பென்று வந்தது. மரம் பார்வைக்கு எல்லா ஓடைக்கரையிலும் நிற்கும் விறகு மரம் மாதிரி இருந்தது. பிள்ளைதான் கக்கிவிட்டாள் என்று நினைத்து, முதுகுத் துணியை அவிழ்த்துத் துடைத்துக் கட்டினாள்.

அடுத்த மழைக்காலத்தில் குழந்தை போய்விட்டது. ஊர் மட்டும் அவளை நான்ஸியாம்மா என்று கூப்பிடுவதை விடவில்லை. அதன்பின் அந்த முகட்டில் பழக்கதோஷத்தில் கீறல் போடும்போதெல்லாம் அதே வாசம் வந்தது. பிள்ளை வந்து நிற்கிறாள் என்று அவள் நம்பினாள். மூடுபனிக்குள் கொஞ்சநேரம் கண்ணை மூடி நிற்பாள், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இறங்கி வருவாள். வெளியே சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? மந்திரிக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவள் மூக்கைக் கொண்டுபோயிற்று. மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்தது வாயில் மண்ணாக இருந்தது. அது கிடக்கட்டும். முகட்டில் கீறினாள், முகர்ந்தாள், ஒன்றுமே இல்லை. பிள்ளை இரண்டாம் தடவை செத்ததுபோல் அன்று உட்கார்ந்து அழுதாள்.

போகாமல் இருக்கவும் முடியவில்லை. போய், மரத்தடியில் வெகுநேரம் இலையைத் தடவிக்கொண்டே இருப்பாள். அப்போதுதான் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. இலையின் அடியில், நரம்பு பிரியும் மூலைகளில் குட்டிக் குட்டிக் குழிகள். குழிக்குள் பூனைமுடி. விறகு மரத்தில் இது கிடையாது. டெம்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஆகஸ்ட் பனியில் அவர் வந்தார், துணைக்கு வனக்காவலர் செங்கோண்டோ. கிளையில் வெள்ளைப் பூ இருந்தது. டெம்பா பூதக்கண்ணாடியில் பூவையும் இலையடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுவரை யாரும் எழுதி வைக்காத மரம் இது என்றார். கிளையைச் செய்தித்தாளுக்குள் விரித்து வைத்து அழுத்திக் கட்டினார். காய்ந்தபின் நிறம் போகும், மணம் போகும், எழுதி வைத்தது மட்டும்தான் நிற்கும்.

“பட்டை மணம் சொல்லு மதினி.”

மூக்கு போனது தெரிந்தால் யார் தன்னைக் காட்டுக்குக் கூப்பிடுவார்கள்? கீறல் போட்டு, முகர்வதுபோல் குனிந்தாள்.

“பச்சைப் பயறு வாசம்.”

விறகு மரத்தின் மணத்தையே சொல்லிவிட்டாள். டெம்பா எழுதினார். பென்சில் ஓடுவதையே அவள் பார்த்தாள். நாளை எவனோ இந்த வரியைப் படித்துவிட்டு வருவான், இந்த மரத்தையே கீறுவான், இது அது இல்லை என்று விட்டுப் போவான்.

“அத அடிச்சிருங்க கொழுந்தனாரே. எனக்கு மூக்கு போயி ரெண்டு வருஷமாச்சு.”

டெம்பா கேலி பேசவில்லை. “முன்னால கீறிருப்பியே, அப்ப என்ன வாசம்?”

 அவளுக்கு ஞாபகம் இருந்தது மரத்தின் வாசம் அல்லவே, பிள்ளையின் வாசம். டெம்பா செங்கோண்டோவைக் கூப்பிட்டார். அவர் புதிதாக ஒரு கீறல் போட்டு மூக்கை வைத்தார், முகம் சுளித்தார், மறுபடி வைத்தார். பிறகு சிரித்தார்.

“என் பேத்தி தோள்ல பால் கக்குவாள்ல, அதே வாசம்.”

நகிஜ்வா அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமும் வந்தது மரமா? தான் கண்மூடி நின்றது இந்தப் பட்டைக்கா? முதலில் கோபம்தான் வந்தது. ஏமாந்துவிட்டோமே என்று தரையில் அடித்தாள். பிறகு எல்லாவற்றையும் டெம்பாவிடம் சொன்னாள், முதுகுத்துணியிலிருந்து தொடங்கி. இரண்டு ஆண்களும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

டெம்பா பயறை அடித்துவிட்டு எழுதியதைப் படித்தார்: “வெட்டிய பட்டையில், கைக்குழந்தை கக்கிய பாலின் மணம்.”

அவள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து, கீறலின்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஈரமாக இருந்தது. கையை எடுத்துச் செங்கோண்டோவிடம் நீட்டினாள்.

“பாத்துச் சொல்லுங்க. இன்னும் இருக்கா?”

அவர் அவள் கையை முகர்ந்தார்.

“இருக்கு, நான்ஸியாம்மா.”