மூன்றாவது ரீடிங்

அன்று டிஸ்பாட்ச் யார்டில் இருந்தவர்கள் இவர்கள். டை செட்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்களில் மூத்தவர். பிரஸ் ஆபரேட்டர், ஆனேக்கல்லில் இருந்து தினமும் பைக்கில் பார்டர் தாண்டி வருபவர், வீட்டில் கன்னடம். இன்ஸ்பெக்‌ஷன் மேஜை அக்கா, சேலத்துக்காரர். பர்சனல் ஆபீஸ் மேடம், கையில் போன். உத்தனப்பள்ளிக்காரன், டை என்கிற இரும்பு அச்சை பிரஸ்ஸில் ஏற்றி இறக்குகிறவன், கையில் பெட்டி. நான், கையில் ஸ்டாப் வாட்ச்.

என் வேலை ரிலீவர். லைனில் யாராவது டீக்கோ ஒன்றுக்கோ போனால் அந்த இடத்தில் நிற்பேன். அவர்கள் வந்ததும் நகர்ந்துகொள்வேன். லைனில் எத்தனை பேர் என்று கேட்டால் நாலு பேர் என்பார்கள். பதினோரு வருடமாக நாலு பேர்தான். ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று டைம் ஸ்டடி எடுக்கும்போது கை சும்மா இருப்பவன் நான். அதனால் வாட்ச் எப்போதும் என்னிடம்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் உத்தனப்பள்ளிக்காரன் காலில் டை விழுந்தது. டிராலியில் இருந்து வழுக்கியது. இடது காலில் மூன்று விரல் போனது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவன் சும்மா இருக்கவில்லை. டிராலியின் விளிம்பில் ஸ்பிரிங் வைத்து ஓர் இரும்புக் கட்டை செய்தான். டை வழுக்கினால் கட்டை எழுந்து தடுக்கும். செட்டர் அதைத் தாளில் வரைந்து லைன் பெயரில் கொடுத்தார். வெளிநாட்டில் இருக்கிற தாய்க் கம்பெனி எல்லா நாட்டுப் பிளான்டையும் பார்த்து, சேஃப்டிப் பரிசு எங்கள் லைனுக்கு என்றது. ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு ஊரில் வைத்துக் கொடுப்பார்களாம். நாலு பேருக்கு டிக்கெட். என்னையும் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னார்கள். ஸ்டாண்ட்பை.

உத்தனப்பள்ளிக்காரனுக்குப் பரிசெல்லாம் பெரிதில்லை. போன விரல் மூன்றும் இன்னும் எரிகிறது என்பான். இல்லாத விரல் எப்படி எரியும் என்று செட்டர் கேட்பார். டாக்டரும் அதையே கேட்டாராம். ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தான், உருகிப் போகிறது என்றான்.

"மலை பூரா ஐஸுன்றாங்கண்ணா. ஒரு வாட்டி இந்தக் கால அதுல பொதச்சு வெச்சுப் பாக்கணும். அடங்குதா இல்லியான்னு தெரிஞ்சுட்டா போதும்."

என்னிடம்தான் சொன்னான். குந்தாரப்பள்ளிச் சந்தையில் குரங்குக் குல்லா ஒன்று வாங்கி லாக்கரில் வைத்திருந்தான்.

எப்படிப் போவது என்று முடிவு செய்ய மேடம் எங்களைக் கேன்டீனில் உட்கார வைத்தார். ஓசூரில் இருந்து பெங்களூர் ஏர்போர்ட், அதற்குக் கம்பெனி வண்டி.

"வெள்ளக்காரன் ஊருக்குப் போறது பெருசில்ல குரு," என்றார் ஆபரேட்டர். "அத்திப்பள்ளி தாண்டணுமே. ஃபிளைட் அங்க போய் எறங்கிடும், நாம இன்னும் சில்க் போர்டு டிராஃபிக்லயே நிப்போம்."

எல்லோரும் சிரித்தோம். அது வரைக்கும் நல்ல பேச்சு.

விமானம் இறங்கியபின் இரண்டு வழி என்றார் மேடம். ஒன்று, வேன். ஏர்போர்ட் வாசலில் ஏறினால் ஓட்டல் வாசலில் இறங்கலாம். வாடகை அதிகம். மற்றது ரயில். நடுவில் ஒரு ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டும். ஏழு நிமிடம்தான் இடைவெளி. விட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து, பரிசு விருந்துக்குப் போய்ச்சேர முடியாது. ஆனால் ரயிலில் போனால் மிச்சமாகும் காசில் திரும்பும்போது ஏரிக்கரை டவுனில் ஒரு ராத்திரி தங்கிச் சுற்றிப் பார்க்கலாம்.

எங்கள் பிளான்டில் எல்லாவற்றுக்கும் கை தூக்குவதுதான். வேனுக்கு யார் என்றார். உத்தனப்பள்ளிக்காரன் தூக்கினான். ரயிலுக்கு மூன்று கை. எனக்குக் கை இல்லை.

"ஏலே, கண்ணாடிக் கூரை வச்ச ரயிலுல. சாகறதுக்குள்ள ஒரு மட்டம் ஏறிப் பாத்திருவோம்," என்றார் செட்டர் அவனிடம்.

"சரிண்ணா. நானும் ரயில்லயே வந்துட்றன்."

"ஏழு நிமிசம்ல. உன் காலுக்கு எழுபது வேணும்."

"வந்துட்றன்னு சொல்றன் இல்ல."

மேடம் யோசித்தார். அவர் ஒருவர் பின்தங்கினால் நாலு பேரும் மாட்டிக்கொள்வீர்களே என்றார். முடியாவிட்டால் ஸ்டாண்ட்பை போகட்டும் என்றார். அப்போதுதான் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தேன்.

"டிரையல் போட்டுருவோம்," என்றார் செட்டர்.

எங்களிடம் அதுதான் பழக்கம். எதையும் வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஓட்டிப் பார்த்து மூன்று ரீடிங் எடுப்போம். ஒரு வாட்ச்தான் வைப்போம். இரண்டு இருந்தால் சண்டை வரும்.

அந்த ஸ்டேஷனை எங்களில் யாரும் பார்த்ததில்லை. டிக்கெட் தாளில் ஏழு நிமிடம் என்று மட்டும் இருந்தது. நம் ஊர் ஸ்டேஷன் போலத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். கடைசிப் பெட்டியில் இறங்கினால் பிளாட்பாரம் முழுக்க நடக்க வேண்டும். மேம்பாலம் ஒரு கோடியில் இருக்கும். ஏற வேண்டும், இறங்க வேண்டும், மறுபடி அந்தக் கோடி வரை நடக்க வேண்டும். யார்டில் செட்டர் சாக்பீஸால் கோடு போட்டார். மேம்பாலத்துக்குக் கேன்டீன் மாடிப்படி. பெட்டியில் ரிஜெக்‌ஷன் பீஸ் போட்டு ஸ்டோர் தராசில் நிறுத்தோம். இருபத்து மூன்று கிலோ. கூட்டம் இருக்கும் என்று சொல்லி வழியில் காலி டிரம் நாலைந்தை உருட்டி வைத்தார் ஆபரேட்டர்.

முதல் ரீடிங். யார்டு ஜல்லியில் பெட்டியின் சக்கரம் ஓடவில்லை. தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் ஷூவின் முனையில் விரல் இருக்க வேண்டிய இடத்தில் துணி திணித்திருப்பான். படியில் ஷூ கழன்றது. எட்டு நிமிடம் ஐந்து வினாடி.

"கோயில் மாடு இதவிட வெரசா போவும்ல," என்றார் செட்டர்.

ஷிப்டு மாறும் நேரம். ஆட்கள் சுவர் ஓரம் நின்றுவிட்டார்கள். ஆபரேட்டர் டீ பந்தயம் கட்டினார். அவன் தோற்பான் என்று ஆறு பேர். ஜெயிப்பான் என்று கட்ட ஆள் கிடைக்காமல் பந்தயம் நின்றுபோனது. அதற்கும் சிரிப்பு.

இரண்டாவது ரீடிங். ஏழு நிமிடம் முப்பத்தொன்று. இறங்கும்போது கைப்பிடியில் மோதிக்கொண்டான். சாக்ஸ் நனைந்திருந்தது.

"போதும் உடுங்க," என்றார் அக்கா. "பாத்தா பாவமா இருக்குது."

அவரும் ரயிலுக்குத்தான் கை தூக்கியிருந்தார்.

"அக்கா, மூணு ரீடிங்னா மூணுதான்," என்றான் அவன். பேக்கிங்கில் இருந்து பட்டை வாங்கி ஷூவோடு சேர்த்துக் காலை இறுக்கிக் கட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். "கரெக்டா அமுக்குண்ணா."

அமுக்கினேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். மூட்டை தூக்குகிற ஆள் ஓடுவது போல ஓடினான். படியில் பக்கவாட்டாக ஏறினான். மேல் திருப்பத்தில் ஒரு நொடி நின்று கை மாற்றினான். இறங்கினான். டிரம்மைச் சுற்றாமல் காலால் தள்ளிவிட்டு வந்தான். கோட்டைத் தாண்டிப் பெட்டியைப் போட்டுவிட்டு அதன் மேலேயே விழுந்தான்.

அமுக்கினேன். வாட்சைப் பார்த்தேன்.

"எவ்ளோண்ணா?"

"ஏழு பன்னண்டு."

சொல்லிக்கொண்டே வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ரீடிங் சொன்னதும் பூஜ்யமாக்குவது வழக்கம்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஆகல்ல குரு, முடியாது உனக்கு," என்றார் ஆபரேட்டர்.

"பன்னண்டு செகண்டுதானே மேடம்," என்றான் அவன்.

"பன்னண்டு செகண்டுல ட்ரெயின் போயிடும்ங்க," என்றார் மேடம். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சேஃப்டிக்குத்தான் சொல்றேன்."

அவன் பட்டையை அவிழ்த்தான். சாக்ஸில் ரத்தம். மறுநாள் குரங்குக் குல்லாவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். "காது மூடும்ணா. வெச்சுக்க." வாங்கிக்கொண்டேன்.

போனோம். அத்திப்பள்ளியில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஃபிளைட்டைப் பிடித்துவிட்டோம். இறங்கி ரயில் ஏறினோம். கண்ணாடிக் கூரை இல்லை. வண்டி மாறும் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே பெட்டிகளைக் கதவுக்குக் கொண்டுபோய் நின்றோம். கதவு திறந்ததும் ஓட வேண்டும் என்று செட்டர் சொல்லி வைத்திருந்தார்.

கதவு திறந்தது. எங்கள் அடுத்த வண்டி அதே பிளாட்பாரத்தில் எதிர்ப்பக்கம் நின்றிருந்தது. படி இல்லை, பாலம் இல்லை. எண்ணி நடந்தேன். பதினோரு எட்டு. ஏறி உட்கார்ந்தபின் ஆறு நிமிடம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏலே, இதுக்கால அவன அந்தப் பாடு படுத்தினோம்?" என்றார் செட்டர்.

ஆபரேட்டருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. செட்டரும் சிரித்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. நான் சிரித்தேன்.

விருந்து மண்டபத்தில் பெரிய திரையில் படம் காட்டினார்கள். முதலில் டிராலி. அப்புறம் கட்டை. நடுவில் ஒரு கால். விரல் இல்லாத இடது கால், தையலோடு, சுவர் அளவுக்கு. கால் மட்டும் வந்திருந்தது. எல்லா நாட்டுக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடையில் நாலு பேர் நின்றோம். ஒருவர் என் காலைக் குனிந்து பார்த்தார். நான் இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் பனிக்குப் போனோம். அப்போதுதான் நடை பழகிய குழந்தைகூடச் சறுக்கிக்கொண்டு போனது. செட்டர் மூன்று தடவை விழுந்தார். நான் ஓரமாகப் போய் ஷூவைக் கழற்றிவிட்டு இடது காலைப் பனியில் புதைத்தேன். முதலில் குளிர்ந்தது. அப்புறம் எரிந்தது. அடுப்பில் வைத்தது போல எரிந்தது. எடுத்துவிட்டேன்.

ஊர் வந்ததும் டைம் ஆபீஸ் சுவரில் மேடைப் படத்தை மாட்டினார்கள். கார்டு தேய்க்கிற மெஷினுக்கு நேர் மேலே. அவன் தினமும் அதன் கீழேதான் கார்டு தேய்க்கிறான்.

நான் வாங்கிவந்த சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டான். "பனி எப்டிண்ணா? எரிச்சல் அடங்குமா?"

"அடங்காது. எரியும்."

"நெசமாவா?"

"கால வெச்சுப் பாத்தேன்."

கொஞ்ச நேரம் மென்றான். "அப்ப போவாததே நல்லது." எனக்காகச் சொன்னான் என்று தெரிந்தது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் டீ நேரத்தில் அவன் இடத்தில் நிற்கப் போனேன். அவன் நகராமல் நின்றான்.

"அந்தப் பன்னண்டு செகண்டு எங்க போச்சுன்னு கண்டுபுடிச்சுட்டன்ணா."

"எங்க?"

"மேல்படி திருப்பத்துல. பெட்டிய கை மாத்தினன் பாரு. அங்கதான் போச்சு. மாத்தாம வந்திருந்தா பனி பாத்திருப்பன். என் தப்புதான்."

"ம்," என்றேன்.

அவன் டீ குடிக்கப் போனான். நான் அவன் இடத்தில் நின்றேன்.

மூன்றாவது ரீடிங்கில் வாட்ச் காட்டியது ஆறு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி.