இலை பழுக்கும் முன்பே தோண்டிய கிழங்கு

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அம்மாவின் கறிபாப்பைச் சாப்பிட்டிருப்பீர்கள். கடைசிக் காலத்தில் அவர் கிள்ளானில் உருளைக்கிழங்கு விளைவித்த கதையையும் கேட்டிருப்பீர்கள். இறுதிச் சடங்கன்று என் தம்பி அதை வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னான். அந்தக் கதையில் ஒரு பகுதி உண்மையில்லை. அது தம்பிக்குத் தெரியாது. இதைப் படிக்கும்போதுதான் தெரியவரும்.

அம்மா பிறந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. திருமணமான பின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எனக்குப் பதின்மூன்று வயதும் தம்பிக்கு ஒன்பது வயதும் இருக்கும்போது அப்பா மாரடைப்பால் காலமானார். ஷிப்ட் வேலைக்குப் போனால் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் அம்மா அந்த வேலையை விட்டார். வேலைக்குப் போகிறவர்கள் ரயிலுக்கு நடக்கும் வழியில் ஒரு மேசை போட்டு, மாவுக்குள் உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் விற்கத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மேசைதான் எங்கள் குடும்பம். நான் ஆசிரியையானதும் தம்பி பொறியாளராகி ஜொகூருக்குப் போனதும் அதனால்தான். மழை நாளில்கூட மேசையைப் போட்டுவிடுவார். கடன் சொல்லிச் சாப்பிட்டவர்களை ஒருநாளும் அவர் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

மூட்டுவலி முற்றியதும் அவரைக் கிள்ளானில் என் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் பேச்சு குறைந்துபோனது. "சாப்டியாம்மா?" என்றால் "ம்" என்பார். அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நிலத்தைக் குடியிருப்போர் சங்கத்தில் பாத்தி பாத்தியாகப் பிரித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அம்மா தாமே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னம்மா போடப் போற? வெண்டக்காயா?"

"உருளக்கிழங்கு."

"அது கேமரன் மலையில வர்றதும்மா. கிள்ளான் வெயிலுக்கு எங்க வரும்?"

"இத்தன வருசம் உரிச்சேன் பாப்பா. அதோட இல எப்படி இருக்கும்னு ஒருநாளும் பாத்ததில்ல. இலயாச்சும் வரட்டுமே."

பாசாரில் வாங்கிய கிழங்குகளை முளைவிடும்வரை சமையலறை மூலையில் வைத்திருந்தார். முளைக்கு ஒன்றாக வெட்டி, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி, மழைக்காலம் பார்த்து நட்டார். எல்லாம் கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றது. பக்கத்துப் பாத்தி மலாய்க்காரப் பெண்மணி, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், "பனாஸ் லா, காக்! தக் ஜாடி!" என்று சிரித்தார். இந்தச் சூட்டுக்கு வராது என்றார். மறுநாள் அவரே ஒரு நிழல்வலையைக் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்.

மூன்றாவது வாரம் இலை வந்தது. நான் பள்ளியில் இருக்கும்போதே அம்மா கைப்பேசியில் அழைத்துவிட்டார். "தக்காளி இல மாதிரியே இருக்கு பாப்பா!" என்றார். கிள்ளானுக்கு வந்தபின் அந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன்.

செடி முழங்கால் உயரம் வந்தபோது அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. கணையத்தில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, இனி வாரக் கணக்குதான் என்றார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பியிடமும், வயிற்றில் புண், சரியாகிவிடும் என்றே சொல்லி வைத்தேன். யாரிடமும் சொல்லாவிட்டால் அது நடக்காது என்று நினைத்தேனோ என்னவோ.

கட்டிலில் கிடந்தபடி அம்மா கேட்டதெல்லாம் செடியைப் பற்றித்தான். "இல பழுத்துச் சாயற வரைக்கும் தொடாத. அவசரப்பட்டா தோல் நிக்காது" என்று தினமும் சொல்வார். நான் தினமும் படம் எடுத்துக் காட்டுவேன். இலைகள் பச்சையாகவே இருந்தன. ஒருநாள் அம்மா கஞ்சியையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பாத்திக்குப் போனேன். பச்சைச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மக்சிக் ஓடிவந்து, "கெனாப்பா?" என்றார், ஏன் பிடுங்குகிறாய் என்று. அம்மாவுக்கு நேரமில்லை என்று மலாயில் சொன்னேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைத் துழாவினார். ஒன்பது கிழங்குகள் கிடைத்தன. பெரியது கோழிமுட்டை அளவு இருந்தது.

மதியம் அவற்றை அம்மாவின் மடியில் வைத்தேன்.

"இல பழுத்திருச்சா?"

"பழுத்திருச்சும்மா. எல்லாம் சாஞ்சிருச்சு."

அம்மா ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். தோல் ஈரக் காகிதம் போல் உரிந்து வந்தது. இன்னொன்றை எடுத்துத் தேய்த்தார். அதுவும் உரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி பாப்பா. தம்பிய வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் தம்பி ஓடிவந்தான். அம்மா அவன் கையில் கிழங்கைக் கொடுத்து, "பாத்தியாடா, கிள்ளான்ல வெளஞ்சது. இல பழுத்துச் சாஞ்சப்புறம்தான் அக்கா தோண்டினா" என்றார். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேகவைத்து உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் பாதி சாப்பிட்டார். அவர் கடைசியாக மென்று சாப்பிட்டது அதுதான். மூன்றாம் நாள் காலை, நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, அம்மா கண்மூடினார்.

தம்பி, இலை பழுக்கவில்லை. அம்மா எனக்காகச் சொன்ன பொய்யை நீ உண்மையென்று நம்பியிருக்கிறாய். நீ சொல்லும்போதெல்லாம் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. பிடுங்காமல் விட்டிருந்தாலும் அந்த வார மழையில் அழுகியிருக்கும் என்று மக்சிக் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு அவர் முடிவை நான் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கிழங்கின் தோலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டேன்.

அம்மாவைப் பரிவோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து தோள்கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட மக்சிக்குக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். நான் பொய் சொன்ன பிறகும் அந்தக் கடைசி நாட்களில் அம்மா என் கையை விடவே இல்லை. அதற்கும் நன்றி சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.