இருபத்தைந்து மீட்டரில் நகர்ந்த கோடு

ஐம்பது மீட்டரில் என் மகள் சுடும் குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். அதே துப்பாக்கியில் இருபத்தைந்து மீட்டரில் சுட்டால் சிதறும். பாதித் தூரத்தில் இன்னும் நெருங்க வேண்டியவை விலகி விழுந்தன.

“கிட்ட வந்தா பயப்படற புள்ளய இப்பதாங்க பாக்கறேன்,” என்று துப்பாக்கி கிளப்பில் ஒரு பையனின் அப்பா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கை நடுங்குகிறதோ என்று வீட்டில் அவளுக்குக் காபியை நிறுத்தினேன். கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லாம் சரி என்றார்கள். அப்படியானால் பயம்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம், அவளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கான தேர்வு. இரண்டு தூரமும் உண்டு. “பேர எடுத்துடுங்கப்பா,” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முந்தைய நாள் ஷிப்ட் முடிந்து நேராகச் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். பயிற்சியை நிறுத்திவிட்டு அவள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். காலித் துப்பாக்கி மணல் மூட்டையின் மேல் கிடந்தது. பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு துப்பாக்கி மேல் பொருத்தியிருந்த குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். குறுக்குக்கோடு இருபத்தைந்து மீட்டரில் இருந்த குறி அட்டையின் நடுவில் நின்றது. பழக்கத்தில் தலையை மேலும் கீழும் அசைத்தேன். எனக்குச் சுரங்கத்தில் சர்வே வேலை. மட்டம் பார்க்கும் லெவல் கருவியில் கண் வைத்ததும் நாங்கள் முதலில் செய்வது அதைத்தான். தலையை அசைக்கும்போது கோடு நகர்ந்தால் போகஸ் சரியில்லை. அந்த அளவு செல்லாது.

துப்பாக்கி அசையவில்லை. கோடு மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு அட்டையில் ஏறி இறங்கியது.

“சார், இந்த ஸ்கோப்ப எந்தத் தூரத்துக்கு வெச்சிருக்கீங்க?” என்று பயிற்சியாளரிடம் கேட்டேன்.

“அம்பதுக்குத்தான் சார். தூரத்த மாத்தற வளையத்த யாரும் தொடறதில்ல.”

இதற்கு இடமாறு தோற்றப்பிழை என்று பெயர். ஐம்பதில் அட்டையின் பிம்பமும் கோடும் ஸ்கோப்புக்குள் ஒரே தளத்தில் விழும். கண் எங்கிருந்தாலும் கோடு நகராது. இருபத்தைந்தில் பிம்பம் கோட்டின் தளத்தை விட்டுத் தள்ளி விழுகிறது. அங்கே கன்னம் கொஞ்சம் விலகினால் போதும், குறி தப்பும்.

மகளைக் கூப்பிட்டேன். “கைய வைக்காத. தலைய மட்டும் ஆட்டிப் பாரு.”

“அப்பா, கோடு ஓடுது!” என்றாள். பிறகு மெதுவாக, “அப்ப நான் நடுங்கலையா?”

நான் வளையத்தைக் காட்டினேன். தலையை அசைத்தும் கோடு நகராமல் நிற்கும்வரை அவளே வளையத்தைத் திருப்பினாள். வளையத்தில் பொறித்திருந்த தூர எண்ணை நாங்கள் நம்பவில்லை, கோட்டைத்தான் நம்பினோம். அடுத்துச் சுட்டதில் குண்டுகள் நெருங்கி விழுந்திருந்த அட்டையை அவள் கையில் வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

மறுநாள் தேர்வில் ஐம்பது முடிந்து இருபத்தைந்துக்கு மாறினார்கள். அவள் வளையத்தைத் திருப்பி, ஸ்கோப்பில் கண் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

“என்னங்க, இப்பவே தலைய ஆட்டி வேணாங்குதா?” என்றார் அந்தப் பையனின் அப்பா.

“பாருங்க,” என்றேன்.

குண்டுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, அட்டையின் நடுவில் ஒரே கிழிசல். அதை எடுத்து வந்தவர் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். மாவட்ட அணிப் பட்டியலில் முதல் பெயர் என் மகளுடையது.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கேட்டபடி பேரை எடுத்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவளோ அதற்குள் பயிற்சியாளரைப் பிடித்து, அடுத்த போட்டியில் நூறு மீட்டர் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.