நான் பார்க்காத படங்கள்

அந்த இயக்குநரின் ஒரு படத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் பாறசாலையில் அவரைப் பற்றி எழுந்து நின்று பேசுகிறவன் நான்தான்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் யாரிடமும் சொல்ல எனக்குத் துணிவில்லை...

ஞாயிறு மாலைகளில் நூலகத்து மாடியில் எங்கள் திரைப்படச் சங்கம் படம் போடும். படத்தை ஏற்கெனவே பார்த்த ஒருவர் முதலில் அறிமுகம் செய்ய வேண்டும். விளக்கணைந்ததும் அவரே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தாமதமாக வருகிறவர்கள் சத்தம் போடாமல் காவல் நிற்க வேண்டும். அந்த வழக்கம்தான் இத்தனை காலம் என்னைக் காப்பாற்றியது.

ஒருமுறை அவர் படம் ஒன்றை வீட்டில் பார்க்க முயன்றேன். கிழவர் ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். மகன் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வேறொன்றும் நடக்கவில்லை. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் என் அப்பாவின் அருகே நானும் அப்படித்தான் இருந்தேன். படத்தை அணைத்துவிட்டேன். பயம்... அதற்கு வேறென்ன பெயர் சொல்ல? பிறகு மற்றவர்கள் எழுதியதைப் படித்தே பேசக் கற்றுக்கொண்டேன்.

சென்ற மாதம், அவருடைய இன்னொரு படத்தைப் போடலாமா வேண்டாமா என்று சங்கத்தில் தர்க்கம்.

"வீட்டுல உள்ள சங்கடம் போராதா? ஞாயித்துக்கெழம இங்க வந்தும் சங்கடப்படணுமா?" என்றார் விமலா டீச்சர்.

என் நாக்கில் சனி. துக்கத்தைப் பார்க்க அஞ்சுகிறவர்களுக்குச் சினிமா எதற்கு என்று கேட்டேன். நான் கேட்டேன்! படத்தைப் போடுவதென்று முடிவாயிற்று.

கூட்டம் கலைந்ததும் ஸ்டான்லி என்னை ஓரமாக அழைத்தான். உதியன்குளங்கரையில் செல்போன் கடை வைத்திருப்பவன், பள்ளிக்கூட நாள் முதல் என் நண்பன். அவனுடைய தம்பி கள்ளிக்காட்டில் அணைத் தண்ணீரில் மூழ்கிச் செத்தவன். அதற்குப் பிறகு ஸ்டான்லி எந்தக் குளத்தின் பக்கமும் போனதில்லை.

"எலே, நீ கண்ட படமாக்குமே. அதுல வெள்ளத்துல ஆளு சாவுறது வல்லதும் உண்டா? உண்டுண்ணா நான் வரல்ல."

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும்... சொன்னால் இத்தனை ஆண்டுப் பேச்சும் பொய்யென்று வெளுத்துவிடும்.

"ஒண்ணும் இல்ல மக்கா. தைரியமாட்டு வா" என்றேன்.

படம் போட்ட ஞாயிறன்றும் கதவுக்கு வெளியே நின்றேன். பாதிப் படத்தில் உள்ளிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. துடுப்புச் சத்தம். பிறகு ஒரு பெண் யாருடைய பெயரையோ திரும்பத் திரும்பக் கூப்பிடும் குரல்... அது நிற்கவேயில்லை. கதவில் கை வைத்தேன். திறந்து ஸ்டான்லியை வெளியே அழைத்து வந்திருக்கலாம். ஆனால் திறந்தால் திரை தெரியுமே! கையை எடுத்துக்கொண்டேன்.

விளக்கு எரிந்தபோது அவன் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி இருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. யார் முகத்தையும் பாராமல் படியிறங்கிப் போனான். பல நாட்கள் கடை திறக்கவில்லை. நான் போய் எட்டிப் பார்க்கவும் இல்லை.

நேற்று அவனே என் வீட்டுக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ தெரிஞ்சோண்டாக்கும் சொல்லாம இருந்தே. எனக்கு மனசிலாச்சு. சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். தம்பிக்காக நான் இப்பமாக்கும் வாய்விட்டுக் கரஞ்சது."

கையை விடாமல் அவனே தொடர்ந்தான்.

"அந்தப் படத்த இன்னொருக்கா காணணும். இந்தத் தடவ நீ எனக்க பக்கத்துல இருக்கணும். ஞாயித்துக்கெழம பென்டிரைவோட நான் இங்க வாறேன்."

தலையாட்டினேன். பொய்க்குக் கிடைத்த நன்றியைக் கூசாமல் வாங்கிக்கொண்டேன். அவன் அழுதது நல்லதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்... அதில் என் பங்கு என்ன? அவன் செத்துப் போயிருந்தாலும் நான் அந்தக் கதவைத் திறந்திருக்கமாட்டேன்.

ஞாயிறு வருகிறது. காவல் நிற்க வெளியே போக முடியாது. அந்தக் குரல் மறுபடி கேட்கும்போது அவன் திரையைப் பார்க்கமாட்டான், என் முகத்தைப் பார்ப்பான். அதை முதல் தடவை பார்க்கிறவனின் முகம் எப்படி இருக்குமென்று அவனுக்கு இப்போது தெரியும்.